இளங்கொடிக் குளிசை

சிவாஜினி அந்தக் கதையை எடுத்தபோது விதுர்சன் தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளுக்கு எட்டாம் மாதம். சாப்பாட்டு மேசையில் இருந்து, கால்களை இன்னொரு கதிரையில் தூக்கிவைத்தபடி, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, இந்த முறை இளங்கொடியை ஆஸ்பத்திரியில விட்டிட்டு வரேல்லை. வெளியில எடுக்கவேணும்.”

அவன் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினான். “எதை?”

“பிள்ளை பிறந்தாப் பிறகு வாறதை. அதைக் காயவைச்சு, அரைச்சு, குளிசையாக்கித் தருவினம். நான் அதைப் போடப்போறன்.”

அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“நீர் வெள்ளிக்கிழமையில முட்டை கூடத் தொடமாட்டீர்,” என்றான். “அதோட, நஞ்சுக்கொடியெண்டு பேரிலேயே நஞ்சு கிடக்கு.”

“பேரை விடுங்கோ. அது என்ர உடம்பில இருந்து வாறது. மச்சம் மாமிசமில்லை.” தொலைபேசியை அவன் பக்கம் நீட்டினாள். “எங்கட அம்மாமாரின்ர குழுவில ஒரு பிள்ளை எழுதியிருக்கிறா. முதல் பிள்ளைக்கு மாதக்கணக்கா அழுதுகொண்டு கிடந்தவவாம். ரெண்டாவதுக்கு இதைப் போட்டாப் பிறகு ஒண்டுமே வரேல்லையாம்.”

அவன் அதை வாசிக்கவில்லை. ‘மாதக்கணக்கா அழுதுகொண்டு’ என்று சொல்லும்போது அவளுடைய குரல் சற்று இறங்கியதை மட்டும் கவனித்தான்.

மூத்தவள் தனுஷா பிறந்தது மூன்றரை வருடங்களுக்கு முன்னர். அப்போது விதுர்சனுக்கு நிரந்தர வேலை இல்லை. பகலில் மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு யன்னல் தொழிற்சாலையில் கண்ணாடி பூட்டினான். மாலையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். வீட்டுக்கு வரும்போது தொட்டிலில் பிள்ளை வீரிட்டு அழுதுகொண்டிருக்கும். சிவாஜினி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். தட்டினால், “வாறன்” என்பாள், வரமாட்டாள். தலைமுடி சிக்கடித்துக் கிடக்கும். சமைத்ததைச் சாப்பிட்டாளா என்று தெரியாது. களைப்பு என்று அவன் நினைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய தாயும் தொலைபேசியில் அதையேதான் சொன்னார். அடுத்த கோடை வந்தபோது அவள் மெல்ல மெல்லப் பழைய சிவாஜினியானாள். அதற்குப் பிறகு இருவரும் அந்த மாதங்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவள் அதை மறக்கவில்லை. அது திரும்பி வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.

“எவ்வளவு கேக்கினம்?” என்றான்.

அடுத்த சனிக்கிழமை வில்லரேயில் ஷெரோனின் வீட்டுக்குப் போனார்கள். ஷெரோனுடைய பெற்றோர் மட்டக்களப்பு. அவள் மொன்றியலிலேயே வளர்ந்தவள். பிரசவ நேரத்தில் பெண்களுக்குத் துணை நிற்பதுதான் அவளுடைய தொழில். கேட்பவர்களுக்கு இந்தக் குளிசையும் செய்து கொடுப்பாள். தனியாக வைத்திருந்த சின்னச் சமையலறையைக் காட்டினாள். பழம் காயவைக்கும் இயந்திரம்போல ஒன்று, அரைக்கும் இயந்திரம், கையுறைப் பெட்டி. எல்லாம் பளிச்சென்று இருந்தன. விதுர்சன் மூக்கைச் சுளிக்காமல் இருக்க முயன்றான்.

“அக்கா, முதல்லயே ஒண்டு சொல்றன்,” என்றாள் ஷெரோன். “இது மருந்தில்ல. சிலர் நல்லா இருந்ததெண்டு சொல்றாங்க. ஆராய்ச்சியில ஒண்டும் நிரூபிக்கல்ல. போனமுறை உங்களுக்குக் கடினமா இருந்திருந்தா டொக்டரிட்டயும் கட்டாயம் சொல்லுங்க.”

“போனமுறை பெரிசா ஒண்டுமில்லை,” என்று சிவாஜினி உடனே சொன்னாள். “கொஞ்சம் களைப்பு. அவ்வளவுதான்.”

ஷெரோன் விதுர்சனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

பிறகு விதிமுறைகளைச் சொன்னாள். பிள்ளை பிறந்ததும் தாதியிடம் கேட்டு, கையெழுத்திட்டு வாங்கவேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவரவேண்டும். தாய்க்குக் காய்ச்சலோ கிருமித் தொற்றோ வந்தால் அவள் அதைத் தொடமாட்டாள். அப்படியானால் முழுப் பணமும் திரும்பிவரும். மொத்தம் முந்நூற்றைம்பது டொலர், பாதி முற்பணம். விதுர்சன் அங்கேயே நின்று தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினான். பணம் போய்ச் சேர்ந்ததற்கான மணி ஷெரோனின் தொலைபேசியில் அடித்தபோது, சிவாஜினி பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். கடைசிப் பேருந்தைப் பிடித்துவிட்டவளின் மூச்சுப்போல இருந்தது அது.

மெற்றோ ரயிலில் திரும்பி வரும்போது அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இத்தனை நாளில் அவள் இப்படித் தூங்கியதை அவன் காணவில்லை. கொடுத்த பணத்துக்கு இதுவே போதும் என்று நினைத்தான்.

பெப்ரவரி கடைசியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, பன்னீர்க்குடம் உடைந்தது. தனுஷாவைக் கீழ்மாடியிலிருந்த ஹெயிட்டிக் குடும்பத்திடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். காரின் பின்னிருக்கையில் பிள்ளையின் உடுப்புப் பை, அதற்குப் பக்கத்தில் புதிதாக வாங்கிய நீல நிற ஐஸ் பெட்டி. சிவாஜினி வலிக்கு நடுவிலும் திரும்பித் திரும்பி அதைப் பார்த்தாள்.

வலி நீண்டுகொண்டே போனது. அடுத்த நாள் காலை அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. தாதிமார் அடிக்கடி வந்துபோனார்கள். ஊசி வழியாக மருந்து ஏறியது. பிரெஞ்சில் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டார்கள். விதுர்சனுக்குத் தொழிற்சாலை பிரெஞ்சுதான் தெரியும். ‘காய்ச்சல்’, ‘தொற்று’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் பிடிபட்டன. மதியம் ஆண்பிள்ளை பிறந்தான். அழுதான். சிவாஜினியின் நெஞ்சில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, கண்காணிக்கவேண்டும் என்று பக்கத்து அறைக்கு எடுத்துப்போனார்கள்.

இளம் மருத்துவர் ஒருவர் விதுர்சனை வெளியே அழைத்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். பிள்ளை நலம். தாயும் தேறிவிடுவார். ஆனால் காய்ச்சல் வந்ததால் நஞ்சுக்கொடியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும், கொடுக்க முடியாது.

“கொஞ்சமாவது?” என்று கேட்டான் விதுர்சன். கையில் ஐஸ் பெட்டி இருந்தது. கேட்டபிறகு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

மருத்துவர் தலையாட்டி மறுத்தார்.

அவன் நடைகூடத்தின் கோடிக்குப் போய் ஷெரோனை அழைத்தான்.

“காய்ச்சலெண்டா அவங்க தந்தாலும் நான் செய்யமாட்டன் அண்ணா,” என்றாள் அவள். “அவக்கும் கூடாது, பால் குடிக்கிற பிள்ளைக்கும் கூடாது. பணத்த இப்பவே திருப்பி அனுப்புறன்.”

“பணத்துக்கில்லை தங்கச்சி.” குரலைத் தணித்தான். “அவ இதை நம்பித்தான் இருக்கிறா. இல்லையெண்டு சொன்னா என்ன நடக்குமோ தெரியாது. நீங்கள் ஒண்டு செய்வீங்களோ? சும்மா, உள்ளுக்க வேற ஏதாவது தீங்கில்லாததைப் போட்டு...”

“அது ஏலா அண்ணா.”

“பேருக்குத்தான்.”

“ஏலா. உண்மையைச் சொல்லுங்க. பயமா இருந்தா நான் வந்து பக்கத்தில நிக்கிறன். ரெண்டு பேருமாச் சொல்லுவம்.”

“வேண்டாம். நானே சொல்லுறன்,” என்றான்.

அவன் சொல்லத்தான் போனான். அறைக்குள் நுழைந்தபோது சிவாஜினி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடுகள் வெடித்திருந்தன. காலடி கேட்டதும் கண்ணைத் திறந்து முதல் கேட்டது பிள்ளையை அல்ல.

“குடுத்திட்டியளோ?”

வெறும் ஐஸ் பெட்டி அவன் காலடியில் இருந்தது.

“ஓம்,” என்றான். “ஷெரோன் வந்து வாங்கிக்கொண்டு போட்டா.”

அவளுடைய முகம் தளர்ந்தது. “அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு மீண்டும் கண்ணை மூடினாள்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே அவள் குளிசையைக் கேட்கத் தொடங்கினாள். காயவைக்க நேரமெடுக்கும் என்றான். மறுநாள் பேரங்காடியில் ஒரு சத்துணவுக் கடையில் வெறுங் குளிசைக் கூடுகள் வாங்கினான். உள்ளே எதைப் போடுவது என்று தமிழ்க் கடையின் மா அடுக்குக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். பாலூட்டும் தாய்க்குத் தீங்கு செய்யாததாக இருக்கவேண்டும், நிறமும் பொருந்தவேண்டும். கடைசியில் குரக்கன் எனும் கேழ்வரகு மாவை எடுத்தான். அதை வறுத்தால் மண்ணிறமாக வரும்.

தனுஷா கார்டரி என்ற பிள்ளைக் காப்பகத்துக்குப் போயிருந்த ஒரு முற்பகல், உடுப்புத் தோய்க்கப்போவதாகச் சொல்லி, கட்டடத்தின் நிலவறைக்குப் போனான். தோய்க்கும் இயந்திரத்தின் மேல் கடதாசி விரித்து, ஒவ்வொரு கூட்டிலும் தேக்கரண்டி நுனியால் மாவை அடைத்தான். இயந்திரம் அதிரும்போதெல்லாம் மா சிந்தியது. படியில் யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் துவாயால் மூடினான். மேல்மாடிப் பெண். “பொன்ஜூர்” என்றாள். அவனும் “பொன்ஜூர்” என்றான்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

“ஷெரோன் மெற்றோவில வைச்சுத் தந்தவ,” என்றான், அவள் கேட்காமலே.

சிவாஜினி ஒரு குளிசையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். “மணமே இல்லை. நான் என்னவோ எண்டு நினைச்சன்,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரோடு விழுங்கினாள்.

முதல் இரண்டு கிழமைகளும் நன்றாகவே போயின. அவள் காலையில் எழும்பிக் குளித்தாள். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக்கறி காரமில்லை என்று அவனோடு சண்டை பிடித்தாள். சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே தனுஷாவுக்குக் கதை சொன்னாள். தொழிற்சாலை அவனுக்கு ஐந்து கிழமை தகப்பன் விடுப்புக் கொடுத்திருந்தது. சமையலும் துப்புரவும் அவன் பொறுப்பு. அயலிலுள்ள அரச சுகாதார நிலையமான சி.எல்.எஸ்.சி.யிலிருந்து தாதி வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தாள். தாயிடமும் மனநிலை பற்றிச் சில கேள்விகள் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சிவாஜினி, “சவா, சவா” என்று சிரித்தபடி பதில் சொன்னாள். நல்லாயிருக்கிறேன் என்று அர்த்தம்.

குரக்கன் மா வேலை செய்துவிட்டது என்று விதுர்சன் நம்பத் தொடங்கினான். அவளுக்குத் தேவைப்பட்டது நம்பிக்கைதான், அதைக் கொடுத்துவிட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஷெரோனின் செய்தி வரும்போது மட்டும் அந்த நம்பிக்கை தளர்ந்தது. ‘அக்காக்குச் சொல்லிட்டீங்களா?’ என்று அவள் கேட்டிருந்தாள். ‘ஓம், அவ சுகம்’ என்று எழுதினான். ஷெரோன் சிவாஜினியை நேரே அழைத்துவிடுவாளோ என்று, தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் முதலில் ஓடிப்போய்ப் பெயரைப் பார்த்தான்.

மூன்றாம் கிழமை ஒரு காலை, தனுஷா சமையலறைக்கு வந்து அவன் காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள். “பப்பா, மமோ அழுறா. தண்ணி வருது, சத்தம் வரேல்லை.”

கார்டரியில் பழகிய ‘மமோ’தான் அவளுக்கு அம்மா. ஓடிப்போய்ப் பார்த்தான். சிவாஜினி கட்டில் விளிம்பில் இருந்தாள். பிள்ளை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தால் கண்ணீர் வழிந்தது. முகத்தில் எந்த அசைவும் இல்லை.

“என்ன, என்ன செய்யுது?”

“ஒண்டுமில்லை. களைப்பு.”

போனமுறையைப் பற்றி ஷெரோனிடம் அவள் சொன்ன அதே சொல்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தலை சீவுவதை விட்டாள். பிள்ளை தூங்கினாலும் அவள் தூங்கவில்லை. “தனுஷாவை நீங்களே குளிப்பாட்டுங்கோ, எனக்குப் பயமாயிருக்கு,” என்றாள். போத்தல் மட்டும் வேகமாகக் குறைந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றிருந்ததை இப்போது நினைத்தபோதெல்லாம் விழுங்கினாள். அது குரக்கன் மா, கெடுதல் செய்யாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் அவசர அவசரமாக மூடியைத் திருகும்போது அவனால் அங்கே நிற்க முடியவில்லை. குப்பை கொட்டுகிற சாட்டில் வெளியே போய்ப் பனியில் நின்றான்.

டொக்டரிடம் போவோம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். “அதுதான் மருந்து போடுறனே,” என்றாள் அவள். தான் கட்டிய பொய்யே வாசலை மறித்துக்கொண்டு நின்றதை அவன் கண்டான். உண்மையைச் சொன்னால் அவளிடம் மிச்சமிருக்கும் பிடியும் போய்விடும். சொல்லாவிட்டால் அவள் அந்தப் போத்தலை விட்டு வேறெங்கும் வரமாட்டாள். விடுப்பு முடிய இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. அதற்குப் பிறகு பகல் முழுவதும் அவளும் பிள்ளையும் தனியே.

ஒரு மத்தியானம் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அவள் பேசினாள். யன்னலைப் பார்த்தபடி, யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“எல்லாருக்கும் வேலை செய்யுது. எனக்கு மட்டும்தான் இல்லை. என்ர உடம்பில இருந்து வந்ததாலேயே என்னைச் சுகப்படுத்த ஏலாதெண்டா, இனி எதால ஏலும்? நான் பழுது. அவ்வளவுதான். பிள்ளையளுக்கு நான் இல்லாட்டி நல்லம்.”

விதுர்சன் கையிலிருந்த சின்னச் சட்டையைக் கீழே வைத்தான். அவளுக்கு முன்னால் தரையில் முழங்காலிட்டு இருந்தான்.

“சிவா, அது இளங்கொடியில்லை.”

அவள் திரும்பவில்லை.

“உமக்குக் காய்ச்சல் வந்தது. அதால ஆஸ்பத்திரியில தரேல்லை. ஆய்வுகூடத்துக்கு அனுப்பிட்டினம். ஷெரோனும் செய்யமாட்டன் எண்டிட்டா. நான்தான் குரக்கன் மாவை வறுத்து அடைச்சனான். நீர் பயப்பிடுவீரெண்டு.”

இப்போது திரும்பினாள். அவனை வெகுநேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

“குரக்கன் மா?”

“ஓம்.”

“இவ்வளவு நாளும்?”

“ஓம்.”

அவள் எழும்பிச் சமையலறைக்குப் போனாள். அவன் பின்னாலேயே ஓடினான். போத்தலை எடுத்து, ஒரு குளிசையை இரண்டாகப் பிரித்து, மாவை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு முழுவதையும் கழுவுதொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மண்ணிறத் தண்ணீர் சுழன்று இறங்கியது. அவளுடைய தோள்கள் குலுங்கின. சத்தம் வைத்து அழுதாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள்: கள்ளன், மிருகம், என்னை விசரியெண்டு நினைச்சனியோ, உன்னை நம்பித்தானே விழுங்கினனான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் அவனை ‘நீ’ என்றதில்லை. சின்னவன் எழும்பி அழத் தொடங்கினான். விதுர்சன் பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு, சமையலறை வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டான்.

கடைசியில் அவள் தரையில் இருந்துவிட்டாள். மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைப்பதுபோல இரவு உடுப்பின் கையில் துடைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அப்ப நான் இன்னும் மருந்தொண்டும் போடேல்லை?”

“இல்லை. ஒண்டும் போடேல்லை.”

“அப்ப மருந்து எனக்கு வேலை செய்யாதெண்டில்லை.”

“இல்லை. இன்னும் தொடங்கவே இல்லை.”

அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அவன் மெல்ல அவளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து இருந்தான். அவள் தள்ளி இருக்கவில்லை. ஆனால் அவனைப் பார்க்கவும் இல்லை.

“தனுஷா பிறந்த நேரம்,” என்று தொடங்கினாள், “நான் பல்கனிக் கதவைத் திறக்கிறேல்லை. உங்களுக்குத் தெரியுமோ? பிள்ளையைக் கையில வைச்சுக்கொண்டு அந்தப் பக்கம் போனா நான் என்ன செய்வனோ எண்டு எனக்கே பயம். அதுதான் அவளைத் தொட்டிலில விட்டிட்டுக் குளியலறைக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டிருக்கிறனான். அவளை அழவிட்டிட்டு இல்லை. என்னட்ட இருந்து காப்பாத்த.”

விதுர்சன் பல்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“இப்பவும் அப்படி வருதோ?” என்று ஒருவாறு கேட்டான்.

“வருது. போனகிழமை தொடக்கம்.”

“ஏன் சிவா ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?”

“சொன்னா டி.பி.ஜே. வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடும் எண்டு சொல்லுவினமே. தாய்க்கு விசர், பிள்ளையைக் குடுக்கேலாதெண்டு.”

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் அந்த அரசாங்கப் பகுதியின் பெயரைத் தொழிற்சாலையில் தமிழர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அவனுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் இப்போது பக்கத்தில், குளிர்ந்த தரையில் இருந்தது. தொலைபேசியை எடுத்து, சுகாதார உதவிக்கான இலக்கமான எட்டு ஒன்று ஒன்றை அழுத்தினான். தொழிற்சாலை பிரெஞ்சு போதாது என்று பட்டதால் ஆங்கிலத்தைத் தெரிவுசெய்தான். மறுபக்கத்துப் பெண்ணிடம், “என் மனைவிக்குப் பிள்ளை பிறந்து நாலு கிழமை. தன்னைப் பார்த்துத் தானே பயப்படுகிறாள்,” என்றான். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண், “அவவோடு பேசலாமா?” என்று கேட்டாள்.

தொலைபேசியை நீட்டினான். சிவாஜினி அதைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு வாங்கினாள். முதல் கேள்வியாக அவள் கேட்டது, “என்ர பிள்ளையளை எடுப்பினமோ?” என்பதைத்தான். ஆங்கிலத்தில் கேட்டாள், ஆனால் விதுர்சனுக்கு அது அவளுடைய தமிழாகவே கேட்டது. மறுபக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். இடையில், “யெஸ்” என்றாள். பிறகு பல்கனியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே பேசிய மருத்துவர் இது பல தாய்மாருக்கு வரும் நோய், பெயர் உண்டு, சிகிச்சை உண்டு என்றார். உதவி கேட்டு வந்த தாயிடமிருந்து பிள்ளையைப் பறிப்பதற்காக நாங்கள் இங்கே இருக்கவில்லை என்றும் சொன்னார். பாலூட்டும்போதும் எடுக்கக்கூடிய மருந்து எழுதினார். சில நாட்களுக்கு அவளைத் தனியே விடவேண்டாம் என்று விதுர்சனிடம் சொன்னார். கிழமைக்கு ஒருமுறை பேச ஒரு பெண்ணை ஒழுங்கு செய்தார்.

ஆனால் மருந்துக் கடைக்குள் விதுர்சன் வர அவள் விடவில்லை.

“நீங்கள் காருக்குள்ள இருங்கோ,” என்றாள். “என்ர மருந்தை நானே வாங்குவன்.”

அவன் காரில் பிள்ளைகளோடு இருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவள் மருந்தாளரிடம் நிறையக் கேட்டாள். பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். அடுத்த கிழமைகளிலும் அதே மாதிரித்தான். அவன் தேநீர் கொடுத்தால்கூட ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் குடித்தாள். குறை சொல்லும் உரிமை தனக்கில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

ஷெரோனுக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னபோது, “என்ட பெயரச் சொல்லியா அண்ணா அவக்கு மாவக் குடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் வில்லரேயிலிருந்து வந்தாள். அவனோடு பேசாமல் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே இரண்டு பெண்களும் அழும் சத்தமும், பிறகு ஒரு சிரிப்பும் கேட்டன. அதன் பிறகு ஷெரோன் கிழமையில் இரண்டு தரம் வந்தாள். காசு தரட்டுமா என்று விதுர்சன் கேட்டபோது அவள் பார்த்த பார்வையில் அவன் பணப்பையை மறுபடி சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான்.

தொழிற்சாலைக்குப் போய், பெற்றோர் விடுப்பில் தன் பங்கையும் இப்போதே எடுப்பதாக மேற்பார்வையாளரிடம் சொன்னான். காரணம் கேட்டார். முன்பென்றால் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பான். “மனுசிக்குச் சுகமில்லை. மனதுக்கு,” என்றான். மேற்பார்வையாளர் தலையை ஆட்டிக் கையெழுத்திட்டார்.

மருந்து உடனே வேலை செய்யவில்லை. சில நாட்கள் இன்னும் மோசமாக இருந்தன. பிறகு ஒரு நாள் அவள் தலை சீவினாள். மறுநாள் சீவவில்லை. அதற்கடுத்த நாள் சீவினாள். ஏப்ரல் கடைசியில் தெருவோரப் பனி கரைந்து சேறானது. ஒருநாள் மத்தியானம் அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். தனியே வெளியே போய்வரலாம் என்று மருத்துவர் சொல்லிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

“தனுஷாவை இண்டைக்கு நான் கூட்டிக்கொண்டு வாறன்.”

“நானும் வரட்டோ?”

“வேண்டாம். நீங்கள் சின்னவனைப் பாருங்கோ.”

அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யன்னலடியில் நின்றான். கார்டரி இரண்டு தெரு தள்ளித்தான். போய்வரும் நேரம் கழிந்தது. இன்னும் வரவில்லை. அழைத்தான், தொலைபேசி சமையலறை மேசையிலேயே அடித்தது. கார்டரிக்கு எடுத்தான். அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய் நிறைய நேரமாகிவிட்டது என்றார்கள். தெருவின் மறுகோடியில் ஆறு. பனி கரையும் காலத்தில் லாசால் கரையில் தண்ணீர் வெள்ளையாகப் பொங்கி ஓடும். அந்த இரைச்சல் யன்னல் வரை கேட்பதுபோல அவனுக்குத் தோன்றியது. பிள்ளையைப் போர்வையால் சுற்றினான். சப்பாத்தைக் காலில் மாட்டி, கயிறு கட்டாமலே கதவைத் திறந்தான்.

படியில் அவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தனுஷாவின் சப்பாத்து முழுக்கச் சேறு.

“பப்பா! ஆத்தில பெரிய பறவை, ஒரு காலில நிக்குது!”

“கொக்கு,” என்றாள் சிவாஜினி. மூச்சு வாங்கியது, குளிரில் மூக்கு சிவந்திருந்தது. “ஆத்தங்கரைக்குப் போனனாங்கள். இவள் வரமாட்டன் எண்டிட்டாள்.”

அவனுடைய முகத்தையும், கட்டாத சப்பாத்தையும், போர்வைக்குள் இருந்த பிள்ளையையும் பார்த்தாள்.

“பயந்திட்டியளோ?”

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டான்.

“ஓம். சரியாப் பயந்திட்டன்.”

“நானும்தான்,” என்றாள். “தண்ணிக்குக் கிட்டப் போகேக்க பயமாயிருந்தது. அவளின்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பேந்து கொக்கைப் பாத்துக்கொண்டு நிண்டதில அதை மறந்துபோனன்.”

கையை நீட்டிப் பிள்ளையை அவனிடமிருந்து வாங்கினாள். “வழியை விடுங்கோ, இவனுக்குப் பசிக்கும்,” என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.